பி செக்‌ஷனுக்குக் காட்டிய அட்டைகள்

செவ்வாய், மார்ச் 3, 1998
காலையிலேயே சுள்ளென்று வெயில். குழாயில் தண்ணீர் இல்லை. இரண்டு குடத்தில் பள்ளிக்கூடம் முழுக்கத் துடைத்தாச்சு.

சுமதி மிஸ் இன்று கடைசிப் பரீட்சை வைத்தாள். எம்.எட். படிக்கிற பொண்ணு, வீடு பெங்களூர் மல்லேஸ்வரம். ஆறு வாரமாக மூன்றாம் வகுப்பு ஏ செக்‌ஷனுக்குப் பட அட்டை வைத்துக் கணக்குப் பாடம். பி செக்‌ஷனுக்கு வெறும் போர்டு. எந்த செக்‌ஷனுக்கு மார்க் அதிகம் என்று எழுதிக் கொடுத்தால்தான் பட்டம். மே மாதம் கல்யாணம். அதற்குள் முடிக்காவிட்டால் படிப்புக்கு முழுக்கு என்று அப்பா கண்டிஷன்.

"மிஸ், எனக்கும் பரீட்சை வைங்க. பாஸானா ஹெட்மாஸ்டர் நாற்காலி எனக்கு."

"உங்க வாய்க்கு மட்டும் நூத்துக்கு நூறு, ஆயாம்மா."

வாங்க வேண்டியது: விளக்குமாறு, பினாயில்.

வியாழன், 5
மிஸ் கால்குலேட்டரைத் தட்டித் தட்டி, முகம் தொங்கிப் போச்சு.

"ரெண்டு சராசரியும் ஒட்டிக்கிட்டு நிக்குது, ஆயாம்மா."

"நிக்கட்டுமே, சண்டை இல்லாம."

சிரிக்கவில்லை. சராசரிக்கு நடுவில் இடைவெளி வேண்டுமாம். பசங்க மார்க் சிதறிக் கிடக்கிற அளவோடு பார்த்தால் அது பெருசாகத் தெரியணும். அதற்கு 'டி' என்று ஒரு எண். ரெண்டைத் தாண்டணும். ஒன்றுகூட வரவில்லை.

"பி பசங்களும் எப்படி இவ்ளோ வாங்கினாங்க? போர்டுதானே போட்டேன்?"

விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வெளியே நழுவிவிட்டேன்.

வெள்ளி, 6
தலைவலி. சோறு இறங்கவில்லை.

அட்டைப் பெட்டிச் சாவி என்னிடம்தான். "யாருக்கும் காட்டாதீங்க" என்று மிஸ் சொன்னது உண்மை. அட்டை அழுக்காகிவிடும் என்று சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். பி பசங்க, "அவங்களுக்கு மட்டும் படமா, ஆயா?" என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். சாப்பாட்டு பெல் அடித்ததும் ஸ்டோர் ரூமில் உட்கார வைத்துக் காட்டினேன். கை கழுவச் சொல்லித்தான் காட்டினேன்!

கை கழுவினால் ஆச்சா, முண்டம்.

சனி, 7
சொல்லிவிட்டேன். அரை நாள் பள்ளி, பசங்க போன பிறகு.

"எத்தனை நாள்?"

"தினமும், மிஸ்."

மிஸ் கால்குலேட்டரை எடுத்துப் பைக்குள் போட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

"அப்போ அட்டையால பிரயோஜனம் இல்லைன்னு எழுதினா பொய். இருக்குன்னு எழுதவும் வழியில்ல. சும்னே ஆறு வாரம் வீணாப் போச்சு. திரும்ப ஆரம்பிக்கணும்னா ஜூன்ல வேற ஸ்கூல்."

ஜூனில் அவள் மாமியார் வீட்டில்.

காலில் விழுந்தேன். "ஐயோ, எழுந்திருங்க." விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அட்டைப் பெட்டியைத் தொடவில்லை.

திங்கள், 9
மேகம். மழை இல்லை. மிஸ் வரவில்லை. "அந்தப் பொண்ணு விட்டுடுச்சாம், இனிமே வராது" என்றார் ஹெட்மாஸ்டர். ஏன் என்று அவருக்குத் தெரியாது. மிஸ் என் பேரைச் சொல்லவில்லை.

சாப்பாட்டு பெல். ஸ்டோர் ரூம் வாசலில் பி பசங்க வரிசை. சொல்லாமலே வந்திருக்கிறார்கள். எல்லார் கையும் ஈரம்.