பூட்டை இழுத்துப் பார்க்கும் மென்பொருள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி சுத்தமாகப் போய்விட்டது என்று எழுதியிருந்தீர்கள். நான் நம்பவில்லை. அம்மாவிடம் தனியாக விசாரித்துக்கொள்கிறேன். நான் நன்றாக இருக்கிறேன். கூட இருந்த பெண் வேலை மாறிப் போய்விட்டதால் அறை இப்போது தாராளம்.

இங்கே ஒரு கூத்து. கம்பெனி கம்ப்யூட்டர்களுக்குள் திருடன் நுழைந்தால் காட்டிக்கொடுக்கும் இரண்டு மென்பொருள்களை ஓட்டிப் பார்த்து, எதை வாங்கலாம் என்று நான் சொல்ல வேண்டும். ஒன்று, ஏற்கெனவே தெரிந்த திருடர்களின் ஜாடையில் எது வந்தாலும் கத்தும், மற்றபடி தூங்கும். இன்னொன்று அப்படியே நீங்கள்தான். பூட்டிய பூட்டையே திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கும். ஒவ்வொருவர் வழக்கத்தையும் தெரிந்துவைத்துக்கொண்டு, கொஞ்சம் மாறினாலும் சந்தேகப்படும்.

போன வாரம் அது என்னையே பிடித்துக்கொடுத்துவிட்டது! புதிதாக லீவு நாளில் ஆபீசுக்கு வந்து, கம்ப்யூட்டரைத் திறந்துவைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேனாம்.

மேனேஜர் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமை உனக்கு இங்க என்னம்மா வேலை?" என்றார்.

"ரூம்ல நெட் சரியா வரல சார்."

அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பழைய ரேடியோவைக் கொடுத்துவிடுங்கள். ஞாயிறு மத்தியானம் போன் பண்ணுங்கள், பேச விஷயமே இல்லாவிட்டாலும்.

என்னைச் சந்தேகப்பட்டதையே வாங்கச் சொல்லிவிட்டேன். மேனேஜர் காரணம் கேட்டார். "ஆள் மாறிப்போனா அது ஒண்ணுக்குத்தான் சார் தெரியுது" என்றேன்.

பஸ் வந்துவிட்டது. முழங்காலை டாக்டரிடம் காட்டுங்கள்.

உங்கள் மகள்