மதினி சொல்லாத ‘வா’

மதினி,

இன்று உளவியல் வகுப்பில் ஒரு மாணவி பொட்டலம் ஒன்றை என் மேசையில் வைத்தாள். எஸ்டேட்டில் வேலை பார்க்கும் அவள் அம்மா எனக்குக் கொடுத்தனுப்பிய ஏலக்காய். பிரித்ததும் உங்கள் முந்தானை வாசம் வந்தது. கரும்பலகையில் மூளைப் படத்தைப் பாதி வரைந்திருந்தேன். மீதியை வரையக் கை வரவில்லை.

நீங்கள் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டுக் கம்பத்துக்கு வந்தபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரித்து என்னைக் கல்லூரிக்கு அனுப்பியவர் நீங்கள்தான். ஒரு காயைக் கசக்கி மூக்கருகே கொண்டுபோனால் போதும், அது புதுக் காயா பழங்காயா என்று சொல்லிவிடுவீர்கள். “மூக்குதான் எனக்குச் சோறு போடுது” என்பீர்கள். எனக்குக் கல்யாணமாகிப் பழனிசெட்டிபட்டிக்குப் போன பிறகும், வாசலில் என் தலை தெரிந்தால் அடுப்படியிலிருந்தே குரல் வரும். “வா ஆத்தா. மொதல்ல சாப்புடு, பெறகு ஒங்கண்ணன வையலாம்.”

ஒரு வருடம் கம்பம் திருவிழாவுக்கு வீட்டுக்காரரையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்தேன். நீங்கள் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். எங்களைப் பார்த்தீர்கள், பிறகு சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தீர்கள். எழவில்லை, வா என்று சொல்லவில்லை. நம் பக்கத்தில் கொலையைக்கூட மன்னித்துவிடுவார்கள், வாசலில் நிற்பவரை வாங்க என்று கேட்காததை மன்னிக்க மாட்டார்கள். “வீடு தேடி வந்தவுகள வாங்கன்னு சொல்ல ஒங்க மதினிக்கு வாய் வலிக்குதாக்கும்” என்றார் மாமியார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

எட்டு மாதம் நான் அந்தப் பக்கம் வரவில்லை. நடுவில் ஒரு நாள் காலையில் அண்ணன் போன் செய்தார்.

“பாலு அடிப்பிடிச்சுத் தீயுது, பக்கத்துலயே உக்காந்திருக்கா. கேட்டா வாசம் தெரியலங்கிறா. வேலைக்கும் போறதில்ல. நீ படிச்சவ, ஒரு எட்டு வந்து பாரேன்.”

“வாசமாவது தெரியாம போறதாவது. எல்லாம் வீம்புண்ணே. அவுகளே கூப்பிடட்டும், வாரேன்.”

அன்று மதியம் இதே வகுப்பறையில் நின்று பாடம் எடுத்தேன். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்மடல்தான் நம்மை எழச் சொல்கிறது, பேச்சைத் தொடங்கச் சொல்கிறது. அது பழுதுபட்டால் நல்ல மனிதரும் அக்கறையற்றவராகத் தெரிவார். வாசனை நரம்பு அதன் அடியில்தான் ஓடுகிறது. எல்லாவற்றையும் வரிசை பிசகாமல் சொன்னேன். “வீட்டாளுக அதத் திமிருன்னு நெனைக்க மாட்டாகளா மிஸ்?” என்று ஒருத்தி கேட்டாள். “நெனைப்பாக. அதுக்குத்தான் நாம படிக்கிறோம்” என்றேன்.

நீங்கள் வலிப்பு வந்து விழுந்த பிறகுதான் மதுரைக்குக் கொண்டுபோனோம். ஸ்கேனில் ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. வாசனை நரம்பை நசுக்கிக்கொண்டு, முன்மடலை மேலே தள்ளிக்கொண்டு, பல வருடமாக மெல்ல வளர்ந்ததாம். “வாசம் தெரியலன்னு சொன்னப்பவே வந்திருந்தா” என்று தொடங்கிய டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிந்த ஒன்பதாம் நாள், கண் திறக்காமலே போய்விட்டீர்கள்.

வீம்பு எனக்குத்தான் இருந்தது, மதினி. அண்ணன் இதுவரை என்னை ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாய்விட்டு அழுதாவது தீர்த்திருப்பேன்.

இன்று அந்தப் பொட்டலத்தை வகுப்பு முழுக்கச் சுற்றவிட்டேன். பிள்ளைகள் மோந்து பார்த்தார்கள். உங்கள் கதையை அவர்களிடம் முதல்முறையாகச் சொன்னேன். அதில் வரும் படித்த நாத்தனார் நான்தான் என்பதையும் சொன்னேன்.

இப்போதும் கம்பத்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது நின்றுவிடுகிறேன். அந்த நாற்காலி அங்கேயேதான் கிடக்கிறது. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இன்னும் மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் உள்ளே போகிறேன்.

“நாந்தான் வந்திருக்கேன் மதினி. நீங்க எந்திரிக்க வேண்டாம்.”