மூச்சு விடச் சொல்ல மறந்தவளுக்கு

செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டுக்கு முன்

ஈரேழு உலகத்திலும் எனக்கிருக்கும் ஒரே அக்கா மகளாகிய மகாராணிக்கு, குழாய்களின் சக்கரவர்த்தியும் மோட்டார் பம்புகளின் தளபதியுமான உன் மாமன் தெண்டனிட்டு எழுதுவது.

நான் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். என் நலத்தை நாலு கோணத்தில் படம் எடுத்து அளவு போட்டவள் நீ. அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன். நீ நலமா என்றும் கேட்கப் போவதில்லை. பதினேழு தடவை போன் அடித்தும் எடுக்காதவள் எப்படி நலமாக இருப்பாள்? ஆகவேதான் பேனா. இதை உன் அம்மா கையில் கொடுத்து, நீ கடைசி எழுத்துவரை படித்து முடிக்கும்வரை விடுதி வாசலை விட்டு நகரக் கூடாது என்று ஆணையிட்டிருக்கிறேன். அதற்கு அக்கா, "டேய், நெஞ்சத் திறக்கப் போறாங்க, அப்பவும் உனக்கு ராஜா வேஷம் கேக்குதா?" என்றாள். ராஜாக்களுக்கு அக்கா இருக்கவே கூடாது.

விஷயத்துக்கு வருகிறேன். நாளை மறுநாள் வியாழக்கிழமை காலை எனக்கு வால்வு மாற்றும் ஆபரேஷன். அதே காலையில் உனக்குச் செய்முறைத் தேர்வு. நீ அதற்குப் போகாமல் ஆபரேஷன் அறை வாசலில் வந்து உட்காரப் போகிறாயாம். அதுகூடப் போகட்டும், படிப்பையே விட்டுவிடப் போகிறாயாம். கார்டியோவாஸ்குலர் டெக்னாலஜிஸ்ட்! இதயத்தைப் படம் எடுத்து அளக்கிற வேலைக்கு வைத்திருக்கும் இந்தப் பெயரை நாக்குத் தடுக்காமல் சொல்ல நான் ஒன்றரை வருடம் பயிற்சி எடுத்திருக்கிறேன். இப்போது அது வேண்டாம் என்றால் என் உழைப்புக்கு யார் பதில் சொல்வது?

காரணத்தையும் அக்கா சொன்னாள். "மாமா என் மூஞ்சியப் பாத்து என்ன தெரியுதுன்னு கேட்டாரும்மா. நான் ஒண்ணுமே தெரியாத மாதிரி சிரிச்சேன். சொந்த மாமாகிட்டயே நடிக்கச் சொல்ற வேலை எனக்கு வேணாம்" என்று அழுதாயாம்.

என் நெஞ்சைப் படம் எடுத்த அந்தச் சனிக்கிழமையை நீ நின்ற இடத்திலிருந்து பார்த்திருக்கிறாய். படுத்திருந்தவன் பார்த்தது வேறு. அதைக் கேள்.

படம் எடுத்துப் பழக ஆள் போதவில்லை, ஆளுக்கொரு சொந்தக்காரரைக் கூட்டி வாருங்கள் என்று உங்கள் டீச்சர் சொன்னதும், மற்றவர்கள் கொத்தவரங்காய் போல இருக்கும் தங்கைகளைக் கூட்டி வந்தார்கள். நீ ஒரு மலையைக் கூட்டி வந்தாய். நான் ஏறிப் படுத்ததும் கட்டில் போட்ட ஓலத்தைக் கேட்டு, பக்கத்து அறைக்காரர்கள் யாரோ போய்விட்டார் என்று எட்டிப் பார்த்தார்கள். மூன்று வயரை ஒட்டுவதற்கு என் நெஞ்சில் இடம் தேடிய உன் தோழிக்கு வனத்துறையின் அனுமதி தேவைப்பட்டது. அப்புறம் அந்த ஜெல்! வடதுருவத்தைப் பிழிந்து ட்யூபில் அடைத்து விற்கிறார்கள் போலிருக்கிறது. நான் போட்ட அலறலில் வரவேற்பறையில் டோக்கனோடு உட்கார்ந்திருந்த பாதிப் பேர் தானாகவே குணமாகி வீட்டுக்குப் போனார்கள். நீ மட்டும் அசையவில்லை. "ஜெல்லுதான் மாமா, ஆசிட் இல்ல. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க" என்றாய்.

அதற்குப் பிறகு நீ செய்ததைத்தான் நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். விளக்கைக் குறைத்தாய். கருவியைப் பேனா பிடிப்பது போல லேசாகப் பிடித்து, சுண்டுவிரலை மட்டும் என் விலா எலும்பில் ஊன்றிக்கொண்டாய். கை நகரவே இல்லை. மணிக்கட்டைக் கொஞ்சம் சாய்த்தாய். திரையில் என் இதயத்தின் ஓர் அறை திறந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினாய்; வேறோர் அறை. முப்பது வருடமாகச் சுவரைத் தட்டித் தட்டி உள்ளே ஓடும் குழாயைத் தேடுகிறவன் நான். பாதி நேரம் தவறான இடத்தில் உடைத்துவிட்டு வீட்டுக்காரரிடம் திட்டு வாங்குகிறவன். ஒரு செங்கல்லைக்கூடப் பெயர்க்காமல் நீ வீட்டையே சுற்றிக் காட்டினாய். பொறாமையில் எனக்குக் காது புகைந்தது.

"மூச்ச வெளிய விட்டு அப்படியே நிறுத்துங்க மாமா" என்பாய். மூன்று எண்ணுவதற்குள், "இப்ப மூச்சு விடலாம்" என்பாய். ஏழெட்டு முறை கடிகாரம் போல இது நடந்தது. அப்புறம் ஒரு முறை நிறுத்தச் சொன்னாய். நிறுத்தினேன். மூன்று போயிற்று. பத்து போயிற்று. நீ திரையில் கோடு போட்டு அளந்துகொண்டிருந்தாய், அழித்தாய், மறுபடி அளந்தாய். நான் சிவப்பாகி, நீலமாகி, உலகத்தில் இன்னும் பெயர் வைக்காத ஒரு நிறத்துக்கும் மாறினேன். என் தாத்தாவுக்குத் தாத்தா வந்து கை நீட்டி அழைத்தார். கடைசியில் உன் தோழிதான், "ஏய், அவர மூச்சு விடச் சொல்லுடி!" என்று கத்தினாள்.

நீ மன்னிப்புக் கேட்டுச் சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆனால் மகாராணி, எதையும் மறக்காதவள் ஒன்றை மறந்தால், கண் முன்னால் அதைவிடப் பெரிதாக ஏதோ வந்து நிற்கிறது என்று அர்த்தம். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அடுத்து நீ மெஷினில் சத்தத்தைத் திறந்தாய். ரத்தம் வால்வைத் தாண்டி ஓடுகிற ஓசை. அடி பைத்தியமே, யார் காதுக்குப் பக்கத்தில் அதைத் திறந்தாய் என்று யோசித்தாயா? உப்பு பிடித்து வாய் குறுகிப்போன வால்வு வழியாகத் தண்ணீர் சீறுகிற சத்தத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். அதே சீறல். ஊரார் வீட்டு வால்வையெல்லாம் மாற்றியவன், என் வீட்டு வால்வு கூவுவதைப் படுத்துக்கொண்டே கேட்டேன். மறு நொடி நீ சத்தத்தைக் குறைத்தாய். மாமாவுக்குக் கேட்கக் கூடாது என்று குறைத்தாய். அந்தக் குமிழைத் திருகிய விரலுக்கு நான் வைர மோதிரம் போடுவேன். வைரம் கிடைக்கும்வரை ஒரு பித்தளை வாஷர்.

அப்போதுதான் நான் கேட்டேன், "என்ன தெரியுது? மாமா நெஞ்சுல அத்தைக்கு இடம் இருக்கா?" என்று. நீ திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இருக்கு மாமா, வாடகைக்குத்தான் இருக்காங்க" என்றாய். "நெசமா என்னதான் தெரியுது?" என்றதற்கு, "நான் எடுக்கிறவ மட்டுந்தான் மாமா. பாத்துச் சொல்றது டாக்டர்" என்று சிரித்தாய். இதில் எந்த வார்த்தை பொய்? சொல்லு பார்க்கலாம். படம் எடுக்கிறவர்கள் நோயாளியிடம் முடிவு சொல்லக் கூடாது என்பது உங்கள் வேலையின் சட்டம் என்று நீதானே முதல் வருடம் எனக்குப் பாடம் எடுத்தாய்? நீ அதைக் காப்பாற்றினாய்.

பொய் சொன்னது யார் என்று கேட்டால், நான். மூன்று மாதமாக நான் இரண்டு மாடி ஏறினால் நின்றுவிடுவேன். நெஞ்சை யாரோ ஸ்பேனர் போட்டு முறுக்குவது போல இருக்கும். உதவிக்கு வருகிறவர்களிடம், இந்தச் சுவரில் குழாய் எப்படிப் போகிறது என்று ஆராய்கிறேன் என்பேன். அந்தச் சுவர்களை நான் பார்த்த பார்வைக்கு அவை வெட்கப்பட்டிருக்கும். உன் அத்தையிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் அன்றைக்கே என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாள். எனக்குப் பயம். ஆமாம், எழுதிவிட்டேன். ஆகவே நீ பயிற்சிக்குக் கூப்பிட்டபோது துள்ளிக் குதித்து வந்தேனே, அது உன்மேல் இருந்த பாசத்தால் மட்டுமல்ல. யாருக்கும் தெரியாமல் பார்த்துவிடலாம் என்ற திருட்டு எண்ணமும் இருந்தது. உன்னிடம் மறைத்துவிட்டு வந்து படுத்தவன் நான். மறைத்துவிட்டேனே என்று நீ அழுகிறாய். நல்ல குடும்பம்!

இப்போது நீ போன் எடுக்காததால் உனக்குத் தெரியாத சேதி. நீ முதலில் எடுத்த அளவோடு நிறுத்தவில்லை. டீச்சரிடம் கேட்டு, பென்சில் போன்ற அந்தச் சின்னக் கருவியை வாங்கி, நெஞ்சின் வலது ஓரத்தில் வைத்துத் தேடினாய். என் தலையைச் சாய்த்துக் கழுத்துக் குழியில் வைத்துத் தேடினாய். நாற்பது நிமிடம். டீச்சரே, "போதும்மா" என்றார். "இன்னும் ஒரே தடவ மேடம்" என்றாய். டீச்சர் அந்தப் படங்களை டாக்டருக்கு அனுப்ப, போன வாரம் அவர் அத்தையையும் என்னையும் வரவழைத்துப் போட்டுக் காட்டினார். "முதல் இடத்துல கெடைச்ச அளவ மட்டும் பாத்திருந்தா, ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னு அனுப்பியிருப்பேன். வால்வு எவ்வளவு குறுகியிருக்குன்னு வலது பக்கம் எடுத்த அளவுதான் உண்மையச் சொல்லுது. யாருங்க எடுத்தது, சீனியரா?" என்று கேட்டார். ஆறு மாதம் நான் தாங்கியிருப்பேனா என்று அத்தை கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நான் நெஞ்சை நிமிர்த்தி, "எங்க அக்கா பொண்ணு, ரெண்டாம் வருஷம்" என்றேன். அந்தச் சமயத்தில் என் உயரம் கூரையைத் தட்டியது. அத்தை வாசலுக்கு வந்ததும், "வாய் ஓயாம பேசித்தான் அந்த வால்வு தேஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டு, என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே பேருந்து நிறுத்தம்வரை வந்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் தெருவில் அவள் அப்படி வந்ததில்லை.

ஆகவே, வியாழக்கிழமை நீ என் வாசலுக்கு வராதே. அங்கே நகம் கடிக்க உன் அத்தை இருக்கிறாள். பத்துப் பேர் கடிக்க வேண்டிய நகத்தை அவள் ஒருத்தியே கடிப்பாள். அழுவதற்கு உன் அம்மா இருக்கிறாள். நீ தேர்வு அறைக்குப் போ. அங்கே யாரோ ஒருவர் சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் படுத்திருப்பார். பயந்துபோய் உன் முகத்தைத்தான் பார்ப்பார். அவருக்கு வேடிக்கை பேசத் தெரியாமல் இருக்கலாம். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் வந்தவராக இருக்கலாம். வலது பக்கமும் ஒரு தடவை தேடிப் பார்.

ஆறு வாரம் கழித்துப் புது வால்வைப் பரிசோதிக்க வேண்டுமாம். உன் தேர்வு முடிவும் அதற்குள் வந்துவிடும். டீச்சர் பக்கத்தில் நிற்க, நீயே எடுக்க வேண்டும் என்று டாக்டரிடம் இப்போதே விண்ணப்பம் போட்டிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே, "முதல்ல நீங்க வந்து சேருங்க" என்றார். வருவேன். இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பேன், ஜெல்லுக்கு ஊரைக் கூட்டுவேன். மூச்சை நிறுத்தச் சொல், நிறுத்துகிறேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அளந்துகொள், மறுபடியும் மறந்தே போ. இப்ப மூச்சு விடலாம் மாமா என்று உன் வாயால் சொல்கிற வரைக்கும் நான் எங்கும் போகமாட்டேன்.

உன் கை நடுங்காமல் இருக்கட்டும், கண்ணே.

இப்படிக்கு,
உன் முதல் நோயாளி