அத்தி மரத்துக்காக மாணிக்கம் வீட்டுக்குப் போனேன்

என் அன்புச் சம்பந்திக்கு,

போன ஞாயிறும் பறவைக் கணக்கெடுப்புக்குப் போனேன். அதில் என்னை இழுத்துப் போய்ச் சேர்த்துவிட்டதே நீங்கள்தான், நீங்கள் கண்ணை மூடியபின் இப்போது தனியாகப் பாய் விரித்து உட்காருகிறேன். பாலோ ஊர்ப் பக்கம், செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் நம் முனியாண்டி கோயில் அத்தி பழுத்துவிட்டது. எங்காங் ஜோடி வந்தது, அதுதான் அந்தப் பெரிய அலகு இருவாச்சி. ஆண் பறவை பழத்தைப் பறித்துப் பறித்துப் பெண்ணுக்கு ஊட்டியது. குளுவாங்கிலிருந்து வரும் குழுவினர் எழுதிக்கொண்டார்கள். காடு குறைந்துபோன இந்தப் பக்கத்தில் அதுகள் வயிறார இறங்க இந்த ஒரு மரம்தான் மிச்சமாம்.

அதைத்தான் வெட்டப் பார்த்தார்கள். கோயிலுக்குப் புதுத் தகரக் கூரை போடப் போகிறார்கள், பழம் விழுந்து நாசமாகுமாம். தலைவர் யார்? அதே மாணிக்கம். நம் பிள்ளைகள் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, சோறு வேகவில்லை என்று ஊர் கேட்கச் சொன்ன ஆள். நீங்கள் சிரித்துவிட்டுப் போனீர்கள். எனக்கு அன்றிலிருந்து அவரோடு பேச்சில்லை. கோயில் காரியமென்றால் நீங்கள்தானே போய்ப் பேசுவீர்கள்? இனி யாரை அனுப்புவது?

நானே போனேன். வாசலில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். அது சாமி மரம், நாம் முடிவு பண்ணக் கூடாது, வெள்ளிக்கிழமை பூப் போட்டுக் கேட்டுவிடலாம் என்றார். வெள்ளைப் பூ வந்தால் மரம் நிற்கும், சிவப்பு வந்தால் வெட்டுவார்கள். சிவப்பு வந்துவிட்டால் அப்புறம் யாரிடம் போய் நிற்பது, சொல்லுங்கள்?

"சாமிகிட்ட கேக்க வேணாம். நான் உங்ககிட்டதான் கேக்குறேன்."

என்னையே பார்த்தார். "இத்தன வருஷம் கழிச்சு எங்கிட்ட பேசுறீங்க. அதுவும் ஒரு எங்காங்குக்காக."

"அதுக்குச் சோறு அந்த மரந்தான்," என்றேன்.

சோறு என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தேன், கேட்கவில்லை. "சரி, கூரைய அந்தாண்ட தள்ளிப் போட்டுக்கலாம். உள்ள வாங்க, காப்பி குடிச்சிட்டுப் போலாம்," என்றார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

மரம் நிற்கிறது, சம்பந்தி. இனி யார் அதில் கை வைக்க வந்தாலும், எனக்கு ஆகாத ஆளாகவே இருந்தாலும், அவர் வாசலில் போய் நின்று கேட்பேன். உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். மாணிக்கம் வீட்டுக் காப்பியை மட்டும் என்னைக் குடிக்கச் சொல்லாதீர்கள்.

உங்கள் மருமகளைப் பெற்றவள்,
ராக்கம்மா