ஐந்தருவியில் நீ விழுந்தபோது

மாப்ள,

நேற்று காலை தென்காசிப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வாசுதேவநல்லூர் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். சர்பத் கடைக்காரர் சாக்கை விலக்கிவிட்டு ஐஸ் கட்டியின் மேல் இரும்புத் தகட்டை வைத்து ஓர் இழுப்பு இழுத்தார். 'சர்ர்' என்று சத்தம் வந்ததும் என் முட்டி இரண்டும் தானாக மடங்கிவிட்டன. கடைக்காரர் பதறிப்போய், "அண்ணாச்சி, தல சுத்துதா? இங்கன உக்காருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். தலை சுற்றவில்லை. நீ பனித்தளத்தில் வேகமாக வந்து என் முன்னால் ஸ்கேட்டைத் திருப்பி நிற்கும்போது கேட்கிற சத்தம் அது. நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. இன்னும் அந்தச் சத்தம் வந்தால் நீ வருகிறாய் என்றுதான் என் முட்டிகள் நினைக்கின்றன.

லீவில் வந்தவன் உன் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். ஐந்தருவியில் நடந்ததில் ஒரு பகுதியை உன் மனைவியிடம் நான் இதுவரை சொல்லவில்லை. நேற்று சொல்லிவிட்டேன். உன்னிடமும் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

துபாயில் அந்த மாலுக்கு நான் சில்லர் மெக்கானிக், குளிரூட்டும் இயந்திரங்களைப் பார்ப்பவன். கீழே இயந்திர அறையில் எனக்கு வேலை. நீ மேலே, ஸ்கேட்டிங் தளத்தின் பனியைச் சீவிச் சமமாக்கும் வண்டிக்கு டிரைவர். ஆறு வருஷம் அந்தப் பனி உருகாமல் பார்த்துக்கொண்டேனே தவிர, ஒரு நாளும் அதன்மேல் கால் வைத்ததில்லை. ஊழியர்களின் ஐஸ் ஹாக்கி அணியில் கோல் காத்துவந்த பிலிப்பைன்ஸ்காரர் ஊரோடு போய்விட்டபோது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாய். எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது.

"எனக்கு அதுல நிக்கவே தெரியாதுலே."

"கோல்கீப்பருக்கு எதுக்குலே நிக்கத் தெரியணும்? விழத் தெரிஞ்சாப் போதும். மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

மால் திறக்கும் முன்பு, காலை ஏழு மணிக்கு, சின்னப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு பழகும் பிளாஸ்டிக் பென்குவினை என் கையில் கொடுத்தாய். மூன்று வாரம் அந்தப் பென்குவினைத் தள்ளிக்கொண்டு திரிந்தேன். துடைப்பத்தோடு நின்ற நேபாளப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நீ பொத்தக்கூட இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. பென்குவினை விட்டால் விழுவேன் என்ற பயம் ஆத்திரத்தைவிடப் பெரிதாக இருந்தது.

அந்தப் பயத்தைப் போக்க நீ ஒரு வழி கண்டுபிடித்தாய். ஒருநாள் என் எதிரே பேசிக்கொண்டே வந்தவன், பாதிப் பேச்சில் அப்படியே சரிந்து விழுந்தாய். கண் மூடியிருந்தது. அசைவில்லை. நான் பென்குவினை விட்டுவிட்டு உன்னிடம் வர எட்டு வைத்து, உன் மேலேயே விழுந்தேன். நீ ஒரு கண்ணை மட்டும் திறந்தாய்.

"இவ்வளவுதாம்லே விழுறது. இதுக்கா இந்தப் பயம் பயந்த?"

பிறகு விழும் முறையைச் சொல்லித்தந்தாய். முட்டியை மடக்கு, பக்கவாட்டில் சரி, எல்லாவற்றுக்கும் மேலாகத் தாடையை நெஞ்சோடு ஒட்டி வை. "தாடைய விட்டா மண்ட போயிரும்" என்று நூறு தடவை சொல்லியிருப்பாய். நான் கோல் காக்க நின்ற முதல் ஆட்டத்தில் அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு எங்கிருந்து வருகிறது என்றே எனக்குத் தெரியவில்லை. பதினொரு கோல் விட்டேன். கடைசியில் கால் வழுக்கி விழுந்ததில் ஒரு வட்டு என் காலில் கட்டியிருந்த பேடில் பட்டுத் திரும்பியது. நாம் தோற்ற ஆட்டம் அது. நீ மட்டும் கோப்பை வாங்கியவன் மாதிரி ஓடிவந்து என் ஹெல்மெட்டில் முட்டினாய்.

பொய்யாக விழும் விளையாட்டை நீ அதன்பிறகும் விடவில்லை. ரூமில் விழுந்தாய். கேன்டீன் வரிசையில் விழுந்தாய். போன வருஷம் லீவுக்கு ஒரே விமானத்தில் வந்தபோது திருவனந்தபுரத்தில் பெட்டிக்காக நின்ற இடத்திலும் விழுந்தாய். முதல் ஐந்தாறு தடவை ஏமாந்தேன். பிறகு சிரிக்கப் பழகிக்கொண்டேன். நான் சிரித்தால்தான் எழுந்திருப்பாய் என்பதும் பழகிவிட்டது.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் ஐந்தருவிக்குப் போனோம். நல்ல சாரல். எண்ணெய் தேய்த்துக்கொண்டு அரைமணி நேரம் அருவியில் நின்றோம். பனியில் அடிபட்ட என் முதுகுக்கு அந்தத் தண்ணீர் இதமாக இருந்தது என்று சொன்னேன். "ரெண்டும் ஒரே தண்ணிதாம்லே" என்றாய். தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தோம். நேந்திரம் சிப்ஸ் பொரிக்கும் கடைக்குப் பக்கத்தில், அடுத்த ஆட்டத்தில் நான் வலையை விட்டு எவ்வளவு தூரம் முன்னால் வந்து நிற்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். பாதிப் பேச்சில் விழுந்தாய்.

நான் சிரித்தேன்.

அதுதான் மாப்ள, நான் சொல்லாத பகுதி. நான் சிரித்தேன். "எந்திரிலே, கூட்டம் பாக்குது" என்றேன். கடையம் பக்கத்துப் பெரியவர் ஒருவர், பிறகுதான் ஊரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன், கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டு உன்னைத் தூக்கக் குனிந்தார். நான் அவர் கையைப் பிடித்துத் தடுத்தேன். "விடுங்க அண்ணாச்சி, இவன் நடிக்கான். இவனுக்கு இதே சோலிதான்" என்றேன். அவரும் பாதிச் சிரிப்போடு நிமிர்ந்தார். நாங்கள் இரண்டு பேரும் உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நீ ஒரு கண்ணைத் திறப்பாய் என்று நான் காத்திருந்தேன்.

அப்போதுதான் உன் தாடையைப் பார்த்தேன். அது நெஞ்சோடு ஒட்டியிருக்கவில்லை. கழுத்து பின்னால் போய், பின்மண்டை சிமெண்டுத் தரையில் கிடந்தது. நீ விழும்போது சத்தம் வந்தது என்பதும் அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. பனியில் நீ விழுந்து ஒரு தடவைகூட மண்டை தரையில் பட்டதில்லை. என் காது அடைத்துப்போனது. அருவி இரைந்துகொண்டுதான் இருந்திருக்கும். எனக்கு எதுவும் கேட்கவில்லை. பெரியவரின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. "தம்பி, தூக்குப்பா" என்று அவர் கத்தியிருக்கிறார். நான் குனியவில்லையாம். அவர்தான் என் கன்னத்தில் ஒன்று வைத்தாராம். பிறகு ஆட்டோ. தென்காசி வரும்வரை உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தாடையைப் பிடித்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டே வந்தேன். எதற்கு என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

மாரடைப்பு என்றார் டாக்டர். உயிர் வழியிலேயே போய்விட்டது என்றார். "உடனே தூக்கியிருந்தா?" என்று கேட்டேன். "கஷ்டம்தான்" என்றார். முடியாது என்று அவர் சொல்லவில்லை. கஷ்டம்தான் என்றார். இந்த ஒரு வருஷமும் நான் அந்த ஒரு சொல்லுக்குள்ளேதான் இருக்கிறேன்.

எல்லாரிடமும் சுருக்கமாகச் சொன்னேன்: குளித்துவிட்டு வந்தான், விழுந்தான், தூக்கிக்கொண்டு ஓடினேன். உன் மனைவி அழுகைக்கு நடுவில், "நீங்க பக்கத்துல இருந்தியளே அண்ணன், அது போதும்" என்றாள். அதற்குமேல் எப்படி வாய் திறப்பேன்?

நேற்று திறந்தேன். உன் மனைவி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பெரியவரின் கையைத் தடுத்தது வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். கையிலிருந்த பாவாடை பாதி மடிப்பில் நின்றது.

"எவ்வளவு நேரம்ணே சிரிச்சிய?"

நான் எதிர்பார்த்த கேள்வி அதுவல்ல. "ஒரு நிமிஷம் இருக்கும்மா. கூடவும் இருக்கலாம்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. பாவாடையை மடித்து முடித்துவிட்டு, "இத எதுக்கு இப்பம் வந்து சொல்லுதிய?" என்றாள். எழுந்து செருப்பைத் தேடினேன்.

"கல்யாணமான புதுசுல என் முன்னாலயும் இப்பிடித்தான் விழுவாவ. மொத தடவ அலறிட்டேன். ரெண்டாந் தடவ வெளக்குமாத்த எடுத்துட்டுப் போனேன்" என்றாள். சிரிக்கப் போவது போல உதடு விரிந்து, அப்படியே கோணிப்போனது. "நானா இருந்தாலும்..." என்றபடியே எழுந்தாள். உள்ளே போய்விட்டாள். அடுப்படியில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. நான் தெருமுனைக்கு வந்தபோது உன் மகள் ஓடிவந்து, "மாமா, அடுத்த லீவுக்கும் வரணுமாம், அம்மா சொல்லச் சொன்னா" என்றாள். அது மன்னிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. வருவேன் என்று சொன்னேன்.

உன் மனைவியிடம் சொல்லாத இன்னொன்று இருக்கிறது. நீ போனபின் இரண்டு மாதம் நான் பனிப்பக்கமே போகவில்லை. பிறகு அணிக்கு ஆள் இல்லை என்று கூப்பிட்டதால் திரும்பப் போனேன். மூன்றாவது ஆட்டத்தில், எதிரணிக்காரர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், தளத்தின் நடுவில் தனியாக விழுந்தார். நடுவர் விசில் அடிக்கவில்லை. வட்டு எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. நான் வலையை விட்டு அந்தக் கனத்த பேடுகளோடு அவரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். என் பக்கத்திலேயே வட்டு கடந்து போய் ஆளில்லாத வலையில் விழுந்தது. எங்கள் ஆட்கள் கத்தினார்கள். நான் அவர் பக்கத்தில் முட்டி போட்டு, முதலில் தாடையைத்தான் பார்த்தேன். நெஞ்சோடு ஒட்டியிருந்தது. அவர் வெட்கத்தோடு சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. அவர் எழுந்து, இரண்டு காலிலும் நின்று, தன் பெஞ்சில் போய் உட்காரும்வரை பார்த்துவிட்டுத்தான் வலைக்குத் திரும்பினேன். இப்போதும் எந்தப் பக்கத்து ஆள் விழுந்தாலும் போய்விடுகிறேன். கேப்டன் திட்டிப் பார்த்து அலுத்துவிட்டார். அடுத்த வாரம் துபாய்க்குத் திரும்பிப் போகிறேன், மாப்ள. அங்கே யாராவது விழுவார்கள். நான் போவேன்.