ஒரே தட்டு

அடி பிரேமா,

ஹாஸ்டலில் உன் கட்டில் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. ஷிப்ட் முடிந்து வந்து ஒரே தட்டில் சோறு பிசைந்து, கடைசி அப்பளத்துக்குச் சண்டை போடுவோமே, அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது எனக்கும் உன்னைப் போலவே வயிற்றுவலி, குமட்டல். உன்னிடம் கேட்ட அதே குரலில் வார்டன் கேட்டாள்: "இன்னாடி, நாள் தள்ளிப் போச்சா?" அதைக் கேட்டுத்தானே உன் அண்ணன் வேலையை விடவைத்து உன்னை ஊருக்கு, பழவேற்காட்டுக்கு இழுத்துப் போனார்.

கும்மிடிப்பூண்டி டாக்டர் சோதித்துப் பார்த்து, "கிருமியால வந்த வயித்துப்புண்மா. உன்கூட ஒரே தட்டுல சாப்பிடறவங்க இருந்தா அவங்களையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லு" என்றார். கூட்டிக்கொண்டு வந்த வார்டன் பக்கத்தில் நிற்க, உன் பெயரைத்தான் சொன்னேன்.

அண்ணனுக்கு இதைப் படித்துக் காட்டு. டெஸ்ட் எடுத்து, மாத்திரையை முடித்துவிட்டு வா. தட்டு இரண்டு வாங்கிவிட்டேன். அப்பளம் மட்டும் ஒன்றுதான்.

உன் பக்கத்துக் கட்டில்காரி