எந்தத் துண்டு?

மார்ச் 3

ஸ்பேனர் மகாராணிக்கு,

இங்கே நலம்தான், ஆனா கோபமா இருக்கேன். ஞாயித்துக்கிழமை வந்து ரிப்பேர் பண்றேன்னு என் வாஷிங் மெஷினைப் பிரிச்சே. நான் பால் வாங்கிட்டு வர்றதுக்குள்ள மூட்டை கட்டிட்டுக் கிளம்பிட்டே. மேஜையைப் பார்த்தா, நாம ஜோடிப் போட்டிக்காகப் பழகிட்டு இருக்கிற ஆயிரம் துண்டு ஜிக்சா படத்துல ஒரு துண்டைக் காணோம். கலங்கரை விளக்கோட உச்சி! பிரிட்ஜ்ல உன் சீட்டு: "துண்டு என்கிட்ட இருக்கு. அடுத்த வாரம் தரேன்."

என்னடி விளையாட்டு இது? போன வருஷம் தோத்தப்போ எல்லார் முன்னாடியும் "இவளுக்குக் கை ஓடாது"ன்னு சொன்னேனே, அதை இன்னும் மனசுல வெச்சிருக்கியா?

மெஷினும் மறுநாளே நின்னுபோச்சு. கம்பெனி ஆளைக் கூப்பிட்டேன். "வெளியாள் கை வெச்சிருக்காங்க, இனி புதுசுதான்"னுட்டார். நீட்டின காகிதத்துல கையெழுத்தும் போட்டுட்டேன். மழுப்பாம பதில் எழுது.

சந்தேகம் தீராத,
அக்கா

மார்ச் 7

துப்பறியும் அக்காவுக்கு,

சிரிக்கிறதா அழறதான்னு தெரியலை. நான் எடுத்துட்டு வந்தது தலை துவட்டுற துண்டு! மெஷினுக்கு அடியில கொட்டின தண்ணியை உன் நீலத் துண்டால துடைச்சேன். கிரீஸ் ஒட்டிக்கிச்சு, துவைச்சுத் தரலாம்னு கொண்டுவந்தேன். உன் அகராதியில துண்டுக்கு ஒரே அர்த்தம்தானா?

மெஷின் கெடலை. நான் மாட்டினது வெளியில வாங்கின பம்ப். அப்படி மாட்டினா மெஷின் தானா பூட்டிக்கும், கம்பெனி ஆள் ஒரு ரகசிய நம்பரைத் தட்டினாத்தான் ஓடும். உன் மாடலும் அப்படித்தான்னு எனக்கு அன்னைக்குத் தெரியாது. அந்த நம்பரை எங்களை மாதிரி சின்ன ரிப்பேர் கடைகளுக்கும் கொடுக்கணும்னு மனு போட்டிருக்கோம். பதினாலாம் தேதி நுகர்வோர் ஆபீஸ்ல விசாரணை. இருபது கடைக்காக நான்தான் பேசப் போறேன்.

அது சரி, எதுல கையெழுத்துப் போட்டே? படிச்சியா?

தங்கச்சி

மார்ச் 10

அடியே,

துண்டு விஷயத்தை நம்பறேன், முக்கால்வாசி. ஜிக்சா துண்டு சோபா இடுக்குல கிடைச்சுது. நீதான் ஒளிச்சு வெச்சியோன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

காகிதத்தோட நகல் இதோட இருக்கு. "தகுதியில்லாத ஆள் திறந்ததால் பழுது"ன்னு போட்டிருக்கு. கீழே இருக்கிற உன் கடை பேரை நான்தான் சொன்னேன். கேட்டார், சொன்னேன். அந்த மனுஷன் மரியாதையாத்தான் பேசினார். சொல்லாமக் கொள்ளாம ஓடினது நீ.

இருபதாம் தேதி போட்டிக்கு வருவேல்ல? இல்ல, வேற ஜோடி பாத்துட்டியா?

அக்கா

மார்ச் 16

அக்காவுக்கு,

விசாரணையில கம்பெனி வக்கீல் அந்தக் காகிதத்தைத்தான் எடுத்து வாசிச்சார். "சொந்த அக்காவே எழுதிக் கொடுத்தாங்களா?"ன்னு அதிகாரி கேட்டார். எனக்குப் பின்னாடி இருபது கடைக்காரங்க உட்கார்ந்திருந்தாங்க. ஆமான்னு தலையாட்டினேன். மனுவைத் தள்ளிட்டாங்க.

என்னோட ஏழாம் தேதிக் கடிதத்தைப் படிச்சதும் நீயே போய் அந்தக் கையெழுத்தை வாபஸ் வாங்கிடுவேன்னு நினைச்சேன். நீ போட்டியைப் பத்திக் கேட்டு எழுதினே.

வேற ஜோடி பாக்கலை. ஆனா நான் வரலை. உன் பக்கத்துல உட்கார்ந்தா, ஒவ்வொரு துண்டை வெச்ச பிறகும் எதையும் ஒளிக்கலைன்னு ரெண்டு கையையும் விரிச்சு உனக்குக் காட்டணும்னு தோணும். அப்படி என்னால விளையாட முடியாதுக்கா.

உடம்பைப் பாத்துக்கோ.

தங்கச்சி